கோகோ மரபு வளம்: மகளின் விருப்பத்தை நம்பலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

இளநிலை வேளாண்மைப் படிப்பை முடிக்கவிருக்கும் தங்கள் மகள் கோகோவின் மரபு வளத்தை, அதாவது அதன் பல்வேறு வகைகளைக் காத்துப் பயன்படுத்தும் துறையை, மேற்படிப்பாகக் கொள்ள விரும்புவதும், 'மரம் காக்கும் வேலைக்கு யார் சம்பளம் தருவார்கள்' என்று தாங்கள் அஞ்சுவதும் கடிதத்தில் தெளிவாகத் தெரிந்தன.

இத்துறைக்கு ஆள் தேவைப்படுவதற்குக் கோகோ விதையின் இயல்பே முதற்காரணம். நெல்விதையைப் போல அதை உலர்த்திக் குளிர் அறையில் வைக்க முடியாது. ஈரம் வற்றினால் முளைப்புத்திறன் போய்விடும் என்பதால் ஒவ்வொரு வகையையும் உயிருள்ள மரமாகத் தோட்டத்திலேயே வளர்த்துக் காக்க வேண்டியிருக்கிறது. டிரினிடாடில் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகம் பராமரிக்கும் பன்னாட்டு மரபு வங்கியில் இவ்வாறு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் நிற்கின்றன. 'விட்ச்சஸ் புரூம்' என்னும் பூசண நோயைத் தாங்கும் மரங்களைத் தேடி, 1930களின் இறுதியில் பவுண்ட் என்ற ஆய்வாளர் மேல் அமேசான் காடுகளிலிருந்து கொணர்ந்த வகைகளின் வழிவந்தவையும் அங்கே உள்ளன. அந்த நோய் 1989இல் பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் நுழைந்தபோது, பெரும்பாலும் ஒரே சாயலுள்ள மரங்களால் நிறைந்திருந்த தோட்டங்கள் நிலைகுலைந்தன. நோய் தாங்கும் வகைகளைக் கொண்டு மறுநடவு செய்யும் பணி பல ஆண்டுகள் நீண்டது.

தங்கள் பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் ஊடுபயிராக உள்ள கோகோவுக்கும் இதில் தொடர்பு உண்டு. பல கோகோ மரங்கள் தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை. அத்தகைய ஒரு மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கிய ஒரே குளோனை மட்டும் நட்டால் பூக்கும், காய் பிடிக்காது. எந்த வகையோடு எதைச் சேர்த்து நடுவது என்று சொல்லத் தெரிந்தவர்களை நாற்றங்கால்களும் சாக்லேட் நிறுவனங்களின் விவசாயப் பிரிவுகளும் நாடுகின்றன.

ஆயினும் கோகோவுக்கென்றே உள்ள அரசுப் பணியிடங்கள் மிகச் சில என்பதை மறைக்க விரும்பவில்லை. புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் தாவர மரபு வளத்துக்கென முதுநிலைப் படிப்பு உண்டு. எனினும், பயிர் இனப்பெருக்கமும் மரபியலும் என்ற பரந்த பாடத்தை எடுத்து, ஆய்வேட்டை மட்டும் கோகோவில் செய்வதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. அப்போது விதை நிறுவனங்களும் பல்கலைக்கழக ஆசிரியப் பணியும் அவருக்குத் திறந்திருக்கும். புள்ளியியலும், டிஎன்ஏ அடையாளங்களைக் கொண்டு வகைகளைப் பிரித்தறியும் மூலக்கூறு குறியீட்டுப் பயிற்சியும் இல்லாமல் இத்துறையில் நகர முடியாது. வெயிலில் மரம் மரமாக நடப்பதும் வேலையின் பாதி.

சேர்க்கைக்கு முன் கர்நாடகத்தின் விட்டலில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையத்துக்கோ, கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளானிக்கரை வளாகத்துக்கோ எழுதி அனுமதி பெற்று, மகளைச் சில வாரங்கள் அங்கே பயிற்சியில் இருக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்தபின் அவரும் தாங்களும் சேர்ந்தே பாடப்பிரிவை முடிவு செய்யலாம்.