நிக்கலில் நீடிக்கும் காந்தம் இரும்பில் மறைவது ஏன்?

இரு வைர முனைகளுக்கிடையே மாதிரியை நசுக்கும் வைர அழுத்தக் கலத்தில் இரும்பின் காந்தச் சமிக்ஞை மட்டும் மறைவதால், கலம் பழுதோ என்று கேட்டிருந்தீர்கள். அதில் பழுதில்லை. நிக்கல் காந்தமாகவே நீடிக்க, இரும்பின் சமிக்ஞை மட்டும் 15 ஜிகாபாஸ்கலை (ஒரு ஜிகாபாஸ்கல் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் பத்தாயிரம் மடங்கு) ஒட்டி மறைவது அந்த உலோகத்தின் இயல்பு.

அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 13 ஜிகாபாஸ்கலில், இரும்பின் பொருள் மைய கனசதுரப் படிகம் (கனசதுர மூலைகளிலும் நடுவிலும் அணுக்கள்) அறுங்கோண நெருக்கப் பொதிவாக (அறுங்கோண அடுக்குகளில் நெருக்கமாக அடுங்கிய அணுக்கள்) மாறத் தொடங்குகிறது. அணுக்கள் நெருங்கும்போது எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டை அகன்று, அவற்றின் தற்சுழற்சிகள் (ஒவ்வொரு எலக்ட்ரானையும் சிறு காந்தமாக்கும் பண்பு) ஒரே திசையில் நிற்பதால் கிடைக்கும் ஆற்றல் லாபம் குறைகிறது. புதிய அமைப்பில் அந்த லாபம் போதாமல், தற்சுழற்சிகள் தாமாகவே ஒரே திசையில் நிற்கும் ஃபெர்ரோ காந்தத்தன்மை அழிகிறது. நிக்கலோ படிக அமைப்பை மாற்றுவதில்லை. 200 ஜிகாபாஸ்கலிலும் அதன் ஃபெர்ரோ காந்தத்தன்மை எக்ஸ் கதிர் அளவீடுகளில் தெரிந்திருக்கிறது.

17 ஜிகாபாஸ்கலிலும் சிறிது சமிக்ஞை எஞ்சுவதாகச் சொன்னீர்கள். அழுத்தம் சீராகப் பரவாததே பெரும்பாலும் காரணம்: மாதிரியின் நடுப்பகுதி மாறிவிட, விளிம்பு பழைய கட்டத்திலேயே (படிக அமைப்பிலேயே) தங்கியிருக்கலாம்.

1. மாணிக்கத் துகள்களை நடுவிலும் விளிம்பிலும் வைத்து, அவற்றின் ஒளிர்வு காட்டும் அழுத்தங்களை ஒப்பிடுங்கள்.

2. வாய்ப்பிருந்தால் இரும்பு-57 ஐசோடோப்பு கொண்டு மாஸ்பவர் நிறமாலை (அணுக்கரு காமா கதிரை உட்கவர்வதை அளக்கும் முறை) எடுங்கள். பழைய கட்டத்தின் ஆறு கோடுகளும் புதிய கட்டத்தின் ஒற்றைக் கோடும் சேர்ந்து தெரிந்தால், இரு கட்டங்களும் கலந்திருக்கின்றன. எனக்கு இதுவே நம்பகமான சோதனை.

அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே எடுத்த அளவுகளை ஏற்றும்போது எடுத்தவற்றோடு கலக்காதீர்கள். இரும்பு பழைய அமைப்புக்குத் திரும்புவது இன்னும் குறைந்த அழுத்தத்தில்தான். மாதிரியைச் சுற்றி வைக்கும் உலோகத் தகடான கேஸ்கெட் காந்த எஃகாக இருந்தால், எஞ்சிய சமிக்ஞை அதிலிருந்தும் வரக்கூடும்.