வேலை தேடத் தொடங்குமுன் பழைய சமூக ஊடகக் கணக்குகளை எல்லாம் அழித்துவிட வேண்டுமா?

எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பத்தை அனுப்புமுன், இணையத்தில் நம் பெயரைத் தேடுபவருக்கு என்னென்ன கிடைக்கும் என்பதை நாமே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நான் பார்க்கத் தவறினேன்.

ஒரு நேர்முகத் தேர்வின் கடைசிச் சுற்றில், எதிரே அமர்ந்திருந்த அதிகாரி தம் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். ஏழு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவருடைய ஃபேஸ்புக் பதிவின் கீழே, அப்போதைய என் மேலாளரைப் பற்றி நான் ஆத்திரத்தில் எழுதிய இரண்டு வரிகள் திரையில் இருந்தன. அருகிலிருந்த சிறிய படமும் நான் விண்ணப்பத்துடன் அனுப்பிய சுயவிவரத்தில் இருந்த படமும் ஒன்றே. "இது நீங்கள்தானா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். பிறகு அழைப்பு வரவில்லை.

அந்தத் தேர்வுக்கு முன்பே என் பழைய பதிவுகள் அனைத்தையும் நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றி வைத்திருந்தேன் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. ஃபேஸ்புக்கில் பழைய பதிவுகளை ஒரே முறையில் அப்படி மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் அது நம் பக்கத்தில் நாம் இட்டவற்றுக்கு மட்டுமே பொருந்தும். பிறருடைய பதிவின் கீழ் நாம் எழுதிய கருத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தப் பதிவை இட்டவரின் அமைப்புகளே தீர்மானிக்கின்றன. ஆகவே ஃபேஸ்புக்கில் நாம் செய்தவை எல்லாம் பட்டியலாக இருக்கும் செயல்பாட்டுப் பதிவை (Activity log) திறந்து, ஆண்டு வாரியாகப் பின்னோக்கிச் சென்று, அத்தகைய கருத்துகளைத் தேடி நீக்க வேண்டும். எனக்கு அதற்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின.

தேடும்போது உலாவியின் மறைநிலைச் சாளரத்தை (incognito) பயன்படுத்துங்கள். இல்லையெனில் உங்கள் கணக்கை ஒட்டிய முடிவுகளே முன்னால் வரக்கூடும். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக, நீங்கள் கைவிட்ட பழைய பயனர்பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். படங்கள் பகுதியையும் விட்டுவிடாதீர்கள்.

கூகுள் முடிவிலிருந்து ஒன்று மறைந்தாலும் மூலப் பக்கம் இருந்த இடத்தில்தான் இருக்கும். எனவே முதலில் அதை நீக்கிவிட்டு, அதன் பிறகும் பழைய வரிகள் தேடலில் தெரிந்தால், காலாவதியான முடிவுகளைப் புதுப்பிக்கக் கோரும் கூகுளின் படிவத்தை நிரப்புங்கள். பக்கம் பிறருடையது என்றால் அதன் உரிமையாளருக்குப் பணிவாக எழுதுவதே பெரும்பாலும் முதல் வழி. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழ்பவர்களுக்குக் கூடுதலான உரிமை உண்டு: ஒருவரின் பெயரைத் தேடினால் வரும் பொருத்தமற்ற பழைய முடிவுகளை நீக்கக் கோரலாம் என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 மே மாதம் தீர்ப்பளித்தது. 2018 முதல் அங்கே நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் (GDPR) 17ஆம் பிரிவும், சில விலக்குகளுடன், தரவை அழிக்கக் கோரும் உரிமையை அளிக்கிறது.

இவ்வளவு செய்தாலும் இணைய ஆவணக் காப்பகத்திலோ யாரோ எடுத்து வைத்த திரைப்பிடிப்பிலோ ஒரு நகல் இருக்கலாம். அதனால் நேரில் கேட்டால் மறுக்காதீர்கள். எழுதியது நான்தான், இன்று அப்படி எழுத மாட்டேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்.

கணக்குகளை ஒட்டுமொத்தமாக அழிக்க நான் பரிந்துரைக்காததற்குக் காரணம், உங்களைப் பற்றிய நல்ல தகவல்களும் அவற்றோடு போய்விடும், உங்கள் பெயருடைய வேறொருவரின் பக்கம் தேடலில் முன்னுக்கு வரும் என்பதே. லிங்க்ட்இன் பக்கம் ஒன்றையாவது வைத்துக்கொண்டு, அதில் உள்ள பணிக்காலங்கள் சுயவிவரத்தோடு மாதம் தவறாமல் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். என்னுடையதில் நான்கு மாத வேறுபாடு இருந்தது; அடுத்த விண்ணப்பத்தை அனுப்புமுன் திருத்தினேன்.