மின்துடிப்பு கொடுத்தால் உலோகம் இளகுமா? நெல்லை நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

பெரிய கரண்டைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக உலோகத்தில் பாய்ச்சி (அந்த ஒரு வீச்சுதான் மின்துடிப்பு), அதன் உள்ளமைப்பை மாற்றுவது பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணாச்சி, கரண்ட் போனால் கம்பி சூடாகும், சூடானால் இளகும். இதில் புதிதாக என்ன இருக்கிறது? (லேத் பட்டறை, பேட்டை)

நியாயமான சந்தேகம். இந்தத் துறையில் அறுபது வருஷமாக நடக்கும் சண்டையே இதுதான். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் வீட்டு வயரிங்கில் பத்துப் பதினைந்து ஆம்பியர்தான் விடுவோம். அதில் 1000 ஆம்பியரை 100 மைக்ரோ நொடிக்கு மட்டும் விட்டால் சூடு ஏறுவது அரை டிகிரி, அவ்வளவுதான். 5000 ஆம்பியர் என்றால் சுமார் 12 டிகிரி. ஆனால் அதே அளவு டைட்டானியக் கலவைக் கம்பியில் 1000 ஆம்பியருக்கே 70 டிகிரி ஏறிவிடும். அதன் மின்தடை செம்பைப் போல நூறு மடங்கு. இதுவும் ஒரு துடிப்புக்கான கணக்குதான். நொடிக்கு நூறு துடிப்பு கொடுத்தால் சூடு மேலும் மேலும் சேரும். அதனால் "சூடே இல்லாமல் இளக்குகிறோம்" என்று யாராவது சொன்னால் எந்த உலோகம், எத்தனை ஆம்பியர், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நம்பாதீர்கள்.

அப்படியென்றால் சூட்டைத் தாண்டி ஒன்றுமே இல்லையா சார்? (பொறியியல் மாணவி, பாளையங்கோட்டை)

இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். உலோகம் வளையும்போது அணு அடுக்குகள் மொத்தமாக நகர்வதில்லை. கல்யாண வீட்டில் நீளமான ஜமுக்காளத்தை முழுசாக இழுக்க முடியாது. ஒரு ஓரத்தில் மடிப்பு உண்டாக்கி, அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போனால் விரிப்பு நகர்ந்துவிடும். உலோகத்துக்குள் இருக்கும் அந்த மடிப்புக்குப் பெயர் டிஸ்லொகேஷன். அவை ஒன்றோடொன்று சிக்கி நின்றால் உலோகம் விறைக்கும்.

1963-ல் சோவியத் நாட்டில் துரோயித்ஸ்கியும் லிக்ட்மனும் துத்தநாகப் படிகத்தை இழுக்கும்போது அதன்மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினார்கள். படிகம் எளிதாக வளைந்தது. ஓடும் எலக்ட்ரான்கள் இந்த மடிப்புகளை மோதித் தள்ளுகின்றன என்பது ஒரு விளக்கம். 'எலக்ட்ரான் காற்று' என்பார்கள். பின்னால் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹான்ஸ் கான்ராட் பல உலோகங்களில் இதை அளந்தார். ஆனால் அந்தத் தள்ளு விசையைக் கணக்குப் போட்டால் மிகச் சின்னதாக வருகிறது. அதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது.

என்னை அசைத்தது 2021-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆட்கள் வெளியிட்ட சோதனை. டைட்டானியம்-அலுமினியக் கலவையை இழுக்கும்போது ஒரு துண்டுக்குத் தொடர் கரண்ட், இன்னொன்றுக்குத் துடிப்புக் கரண்ட். துடிப்பு வாங்கிய துண்டு அறுந்து போகாமல் அதிகம் நீண்டது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், வழக்கமாக ஒரே தளத்தில் வரிசை கட்டி நிற்கும் டிஸ்லொகேஷன்கள் இதில் பல பக்கமும் பரவியிருந்தன. சூடு மட்டுமே காரணம் என்றால் இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் இல்லை.

பித்தளைக் குடம் தட்டும்போது இறுகிவிடுகிறது. நெருப்பில் காட்டித்தான் இளக்குகிறோம். அதற்கு இது ஆகுமா? (அம்பாசமுத்திரம்)

தத்துவப்படி ஆகும். தட்டி இறுகிய உலோகத்தில் துடிப்பு கொடுத்தால் புது மணிகள் (உலோகத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னப் படிகங்கள், கிரெயின் என்று படித்திருப்பீர்கள்) ஒரே நேரத்தில் ஏராளமாக முளைக்கும். அவை பெரிதாக வளர நேரம் இருக்காது, அதனால் பொடிமணியாகவே நின்றுவிடும். உலையில் அதிக நேரம் விட்டால் மணி பெருத்து, அடுத்த முறை தட்டும்போது மேல்பரப்பு சொரசொரப்பாகும். அதே சமயம், குடம் மாதிரி அகலமான, வளைவான பொருளில் கரண்ட் ஒரே சீராகப் போகாது. இந்த முறை கம்பிக்கும் பட்டைக்கும் சரி. குடத்துக்கு நெருப்பே போதும் அண்ணாச்சி.

அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதற்குப் பதிலாக?

இல்லை. எஃகு இறுக, அதன் படிக அமைப்பு மாறும் அளவுக்குச் செக்கச்செவேல் என்று காய்ந்து சட்டென ஆற வேண்டும். கரண்டால் காய்ச்சினாலும் அதுவும் தோய்ச்சல்தான்.

காற்றாலை கியரில் மயிரிழை விரிசல். கரண்ட் பாய்ச்சினால் ஒட்டிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். (ராதாபுரம்)

அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. விரிசலைக் கரண்ட் தாண்ட முடியாது, சுற்றித்தான் போகும். அதனால் விரிசலின் நுனியில் நெரிசலாகி அந்த இடம் மட்டும் உருகும். கூர்நுனி மழுங்கிவிட்டால் விரிசல் பரவுவது மெதுவாகும். ஆய்வுக்கூடத்தில் சின்னத் துண்டுகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கியர் பல்லின் குறுக்களவுக்குத் தேவைப்படும் கரண்டை நினைத்துப் பாருங்கள். கியரை மாற்றிவிடுங்கள்.

பட்டறையில் இருக்கும் வெல்டிங் மெஷினை வைத்துச் சோதிக்கலாமா? (ஐடிஐ மாணவன்)

தம்பி, அது நூறு, இருநூறு ஆம்பியரை விடாமல் தரும். கம்பி பழுக்கக் காயும், அவ்வளவுதான். இதற்கு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்களை அடுக்கி மின்னேற்றி, ஒரே வீச்சில் காலி செய்ய வேண்டும். யூடியூப் பார்த்து அதைச் செய்து பார்க்காதே. மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் நிற்கும். கணக்குத் தப்பினால் மெல்லிய கம்பி வெடித்துச் சிதறும். உன் கல்லூரி வாத்தியார் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதே.