மெசூசா வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். எதிர்வீட்டு யூதக் குடும்பம் சொந்த வீடு வாங்கிக் குடிபோகிறது. வாசல் நிலையில் பதிக்கும் மெசூசா, அதாவது வேத வசனச் சுருள் வைத்த சிறு கூடு, பரிசளிக்க ஆசை. வெள்ளி, மரம், கண்ணாடி என்று பல வகை இருக்கின்றன. சுருளும் சேர்த்தே மலிவாக ஒன்று கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: அந்த மலிவானதை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே பெரும்பாலும் அச்சடித்த காகிதம்தான் இருக்கும். அதை மாட்டினால் மெசூசா மாட்டியதாகவே ஆகாது.

சுருள்தான் மெசூசா, வெளியே தெரிவது அதன் கூடு. யூத விதிப்படி உண்ணத் தகுந்த விலங்கின் தோலில், 'சோஃபர்' எனப்படும் எழுத்தர் இறகாலோ நாணலாலோ பைபிளின் உபாகமம் நூலில் 6, 11 அதிகாரங்களின் பகுதிகளைக் கையால் எழுதுவார். மாசிக்காய், பிசின், அன்னபேதி சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மை. மொத்தம் 22 வரி, 713 எழுத்து. ஓர் எழுத்து இன்னொன்றை உரசக் கூடாது. ஒவ்வொன்றைச் சுற்றியும் வெறுந்தோல் தெரிய வேண்டும். நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனது பிறகு தெரிந்தால் செருகவும் வழியில்லை, வரிசை தப்பாமல் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தோல் அவ்வளவுதான். நல்ல சுருள் விலை கூடுதலாக இருப்பது இதனால்தான், அது நியாயமும்கூட.

கூட்டுக்கு இந்தக் கெடுபிடி எதுவும் இல்லை. மரம், கல், தகரம், பிளாஸ்டிக், எதுவும் ஆகும். ஆனால் கட்டளையை அழகான பொருளால் நிறைவேற்று என்று யூதச் சட்டத் தொகுப்பான தால்முத் சொல்கிறது. வெள்ளி வேலைப்பாடும் மாதுளைச் சித்திரமும் அந்த ஆர்வத்தில் வந்தவை. முகப்பில் 'ஷின்' என்ற எபிரேய எழுத்து இருப்பது வழக்கம்.

சரி, உங்களுக்கு எது? வெளிவாசலுக்கு என்றால் லண்டன் மழையில் மரம் ஊறும், வெள்ளி கறுக்கும். அலுமினியமோ பீங்கானோ நல்லது. வெள்ளியை உள்ளறைக்கு வைத்துக்கொள்ளட்டும். அழகைப் பார்க்கும் முன் உள்நீளத்தை அளந்துவிடுங்கள்: சுருளை உருட்டலாம், மடிக்கக் கூடாது. 12 செ.மீ. உள்நீளம் இருந்தால் பெரும்பாலான சுருள்கள் அடங்கும். மேலும் கீழும் ஆணித் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கப்படி சாய்த்துப் பதிப்பார்கள், செபார்டி (ஸ்பெயின் வழிவந்த யூதர்) வழக்கப்படி நேராக. இரண்டுக்கும் ஒரே கூடு போதும்.

கூட்டை மட்டும் கொடுங்கள். சுருளைத் தங்களுக்கு நம்பிக்கையான சோஃபரிடம் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். இஸ்ரேலுக்கு வெளியே வாடகை வீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, சொந்த வீட்டுக்குக் குடிபோனதுமே மாட்ட வேண்டும். அதனால் அவர்கள் சாமான் ஏற்றுவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.