கதையே இல்லாத படத்துக்கு ஏன் அழுதேன்?

கேள்வி: எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் 1953இல் வெளிவந்த ஜப்பானியப் படமான 'டோக்கியோ ஸ்டோரி'யைத் திரையிட்டார்கள். கதை இல்லை, யாரும் நடிக்கவில்லை, கேமராவும் அசையவில்லை என்று நண்பர்கள் சலித்துக்கொண்டார்கள். நானோ கடைசிப் பகுதி முழுவதும் அழுதுகொண்டிருந்தேன். இயக்கம், நடிப்பு, கதை என்று பிரித்து அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா?

பதில்: தகுதியைப் பற்றிய ஐயத்தை முதலில் விட்டுவிடுங்கள். இரண்டேகால் மணி நேரம் ஓடும் படத்தை மனம் ஒன்றிப் பார்த்தவருக்கு அதைப் பற்றிப் பேச எல்லா உரிமையும் உண்டு. ஆனால் இயக்கத்துக்கு இத்தனை, நடிப்புக்கு இத்தனை என்று மதிப்பெண் போடத் தொடங்கினால் வாதாடி மாளாது. எந்த இடத்தில் உங்கள் மனம் அசைந்தது என்று நினைவுபடுத்திக்கொண்டு, அந்த இடத்தில் யார் என்ன செய்தார்கள் என்று ஆராய்ந்து பாருங்கள்.

அடாமிக் கடற்கரைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஓனோமிச்சி என்ற ஊரிலிருந்து டோக்கியோவுக்குத் தங்களைப் பார்க்க வந்த வயதான பெற்றோரைக் கவனிக்க நேரமில்லாத பிள்ளைகள் அவர்களை வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே இரவெல்லாம் கூச்சல், உறக்கமில்லை. மறுநாள் காலை கடலோரச் சுவரில் அமர்ந்து, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். எழும்போது தாய்க்குக் கால் தள்ளாடுகிறது. தூக்கம் சரியில்லாததால்தான் என்று சமாளித்துக்கொண்டு நடக்கிறார். மரணத்தின் முதல் அறிகுறியை இயக்குநர் யசுஜிரோ ஓசு இவ்வளவு எளிதாகக் கடந்துபோக விடுகிறார். தரையில் அமர்ந்திருப்பவரின் பார்வை உயரத்தில் வைக்கப்பட்டு, படம் நெடுக அநேகமாக நகராமலே இருக்கும் அந்தக் கேமராவுக்குப் பழகிப்போன நம் கண்ணுக்கு, அந்தச் சிறு தள்ளாட்டமே பெரிய நிகழ்ச்சியாகத் தெரிகிறது. நண்பர்கள் குறையாகச் சொன்ன அசையாமைதான் அந்தக் காட்சியின் பலம்.

நடிப்பைப் பற்றிய குற்றச்சாட்டு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தந்தையாக வரும் சிஷு ரியூவுக்கு அப்போது வயது 49தான். எழுபதை எட்டிய முதியவரை அவர் முதுகின் வளைவிலும் பேச்சின் நிதானத்திலும் கொண்டுவந்து நிறுத்துகிறார். மனைவி இறந்த விடியலில் அவர் வெளியே போய்த் தனியாக நிற்கிறார். தேடி வரும் மருமகளிடம், விடியல் அழகாக இருந்தது, இன்றைக்கும் வெயில் கடுமையாக இருக்கும் என்று மட்டும் சொல்கிறார். அந்த இடத்தில் குரல் சற்றே உடைந்திருந்தால்கூட நாம் அவருக்காக இரக்கப்பட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போயிருப்போம். அவர் அழாததால் அந்த அழுகை நம்மிடம் வந்து சேர்கிறது. உங்கள் கண்ணீருக்கு என்னால் சொல்ல முடிந்த காரணம் இதுதான்.

கதை இல்லை என்பதும் சரியன்று. ஓசுவும் அவருடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய கோகோ நோதாவும் வழக்கமான படங்கள் விரித்துக் காட்டும் நிகழ்ச்சிகளைத் துணிந்து நீக்கியிருக்கிறார்கள். ஊர் திரும்பும் ரயிலில் தாய் நோயுறுவதை நாம் பார்ப்பதில்லை. ஒசாகாவில் இருக்கும் மகனின் பேச்சிலிருந்துதான் அது தெரியவருகிறது. அதே வேளையில், இறுதிச் சடங்கு முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தாயின் உடைகளை நினைவாகக் கேட்கும் மூத்த மகளை முழுமையாகக் காட்டுகிறார்கள். தாய் பிழைக்கமாட்டார் என்று தெரிந்ததும் தேம்பி அழுதவரும் அவர்தான் என்பதால், அவரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிட நம்மால் முடிவதில்லை. எதை விடுவது, எதைக் காட்டுவது என்ற இந்தத் தேர்வில் கதை சொல்லும் திறம் முழுவதும் இருக்கிறது.

படம் மெதுவாகப் போகிறது என்று நண்பர்கள் சொன்னால் மறுக்காதீர்கள். அது மெதுவான படம்தான். எந்தக் காட்சியில் அவர்களுக்கு ஆர்வம் விட்டுப்போனது என்று கேட்டு, அந்தக் காட்சியைப் பற்றி மட்டும் பேசுங்கள். பொத்தாம்பொதுவாக நன்று, நன்றன்று என்று சொல்லிக்கொண்டிருந்தால் பேச்சு நகராது. வாய்ப்புக் கிடைத்தால் ஓசு 1949இல் எடுத்த 'லேட் ஸ்ப்ரிங்' படத்தையும் சேர்ந்து பாருங்கள். இந்தப் படத்தில் மாமனாரும் மருமகளுமாக வரும் சிஷு ரியூவும் செட்சுகோ ஹாராவும் அதில் தந்தையும் மகளுமாக நடித்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நடிகர் கொண்டுவந்தது எது, இயக்குநர் வேண்டிப் பெற்றது எது என்று நீங்களே பிரித்துச் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.