முதல் டாஸ்க்: படத்தில் இருப்பதை எழுதுங்கள் (வாசகர் கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் படிப்புக்காகப் பலரும் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கின் எழுத்துப் பகுதியில் வரும் முதல் டாஸ்க்கைப் பற்றியவை. அதில் ஒரு சார்ட், டேபிள், மேப் அல்லது செய்முறையைக் காட்டும் படத்தை (பிராசஸ்) பார்த்து விவரிக்க வேண்டும். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், தெளிவாகக் கேட்டவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

150 சொற்கள் போதுமா? 250 எழுதினால் மதிப்பெண் கூடுமா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

கூடாது. 150 என்பது குறைந்தபட்ச வரம்பு. 170 முதல் 190 வரை எழுதினால் தாராளம். அதற்கு மேல் எழுதும் ஒவ்வொரு வரியும் இரண்டாம் டாஸ்க்கான கட்டுரைக்கு உரிய நேரத்தைப் பறித்துக்கொள்கிறது. அந்த இரண்டாம் டாஸ்க்குக்கோ மதிப்பு இரு மடங்கு. கணினியில் எழுதுவோருக்குச் சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரியும். தாளில் எழுதுவோர், தம் கையெழுத்தில் ஒரு வரிக்குச் சராசரியாக எத்தனை சொல் வருகிறது என்பதை வீட்டிலேயே எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வறையில் எண்ணிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

டேபிளில் ஐந்து நாடுகள், ஆறு ஆண்டுகள். எல்லா எண்களையும் எழுத வேண்டுமா? (லாஸ்பேட்டை)

முப்பது எண்களையும் எழுதினால் அது டேபிளைப் பார்த்துப் படியெடுப்பதாகுமே தவிர விவரிப்பதாகாது. மிக அதிகம், மிகக் குறைவு, பெரிய மாற்றம், ஒன்றையொன்று முந்திய இடம், மற்றவற்றோடு சேராமல் தனித்து நிற்கும் நாடு ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்து, அவற்றுக்கு மட்டும் எண்களைத் தாருங்கள். பத்துப் பன்னிரண்டு எண்கள் போதும். எழுதத் தொடங்குமுன் அலகையும் ஆண்டையும் பாருங்கள். டேபிளின் தலைப்பில் ‘ஆயிரங்களில்’ என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் 45,000 பேரை 45 பேராக்கி விடுபவர்கள் நிறையப் பேர்.

பிராசஸ் படத்தில் கரும்பிலிருந்து சர்க்கரை எடுக்கும் முறை பயிற்சிக்கு வந்தது. என் தந்தை ஆலையில் வேலை பார்த்தவர் என்பதால், படத்தில் இல்லாத கரும்புச்சக்கை, கழிவுப்பாகு பற்றியும் எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். சரியா? (நெல்லிக்குப்பம்)

ஆசிரியர் செய்தது சரிதான். ஆலையை அறிந்த ஊர்க்காரர் என்பதால் உங்களுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் தேர்வு சோதிப்பது உங்கள் ஆங்கிலத்தைத்தான். படத்தில் உள்ள படிகளை வரிசை மாறாமல், ஒன்றையும் விடாமல், நிகழ்காலத்தில், பெரும்பாலும் பாஸிவ் வாய்ஸில் எழுதுங்கள். மொத்தம் எத்தனை கட்டங்கள், எதில் தொடங்கி எதில் முடிகிறது என்று தொடக்கத்திலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், அதுவே அந்தப் படத்துக்கான ஓவர்வியூ, அதாவது படம் மொத்தத்தில் சொல்வதன் சுருக்கம்.

ஏன் உயர்ந்தது, ஏன் குறைந்தது என்று காரணம் எழுதலாமா? (விருத்தாசலம்)

கூடாது. காரணமும் கருத்தும் இரண்டாம் டாஸ்க்குக்கு உரியவை.

நான் எழுதியதை இணைத்திருக்கிறேன், எத்தனை பேண்ட் (ஒன்பது வரையிலான மதிப்பெண் நிலை) வரும்? (முதலியார்பேட்டை)

எழுதியதை அனுப்பிய நீங்கள் கேள்வியை அனுப்பவில்லை. சார்ட் இல்லாமல் சார்ட்டின் விவரிப்பைத் திருத்த எவராலும் இயலாது. இருந்தாலும் படித்துப் பார்த்தேன்: இரண்டு பத்தி கடந்த பிறகும் அது எந்த நாட்டைப் பற்றியது, எந்த ஆண்டுகளைப் பற்றியது, அளக்கப்படுவது மக்கள்தொகையா வருமானமா என்று எனக்கு விளங்கவில்லை. உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பயிற்சி மையத்தில் தந்த நோட்டில் எல்லா வகைச் சார்ட்டுக்கும் தொடக்க வரிகளும் முடிவு வரிகளும் இருக்கின்றன. மனப்பாடம் செய்து, எண்களை மட்டும் நிரப்பினால் போதும் என்றார்கள். இரண்டு முறை எழுதியும் 5.5 தாண்டவில்லை. என் வொகாபுலரி போதவில்லையா? (முத்தியால்பேட்டை)

உங்கள் வொகாபுலரியில் குறையில்லை. அந்த நோட்டில்தான் குறை. அதன் நகல்கள் ஜெராக்ஸ் கடைகள் வழியாகக் கைமாறி என்னிடமும் வந்து சேர்ந்திருக்கின்றன. ‘அட் எ கிளான்ஸ், இட் இஸ் கிரிஸ்டல் கிளியர்’ என்று தொடங்கும் அந்த வரியை இந்த வட்டாரத்தில் எத்தனை விடைத்தாள்களில் பார்த்துவிட்டேன்! நாம் பார்த்தே சலித்துவிட்ட வரியைத் தேர்வாளர் எத்தனை முறை பார்த்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். மனப்பாட வரிகளை அடையாளம் காண அவர்களுக்குப் பயிற்சி உண்டு; கேள்வித்தாளின் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதினாலும் அந்தச் சொற்கள் கணக்கில் சேர்வதில்லை. ஆக, 170 சொற்களில் ஐம்பது அறுபது சொற்கள் எந்தப் பயனும் இல்லாமல் போய்விடுகின்றன.

இதைவிடப் பெரிய கேடு வேறு. மதிப்பீட்டுக்கு நான்கு அளவுகோல்கள் உண்டு: கேட்டதை நிறைவேற்றுதல், கருத்துகளைக் கோவையாகத் தொடுத்தல், சொல்வளம், இலக்கணம். ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு. முதலாவதில் ஓவர்வியூ தெளிவாக இல்லாமல், விவரங்களை இயந்திரத்தனமாக அடுக்கினால் 5இலேயே நிறுத்திவிடுவார்கள். 7 வேண்டுமானால் முக்கியப் போக்குகளைத் தெளிவாகச் சொல்லும் ஓவர்வியூ இருந்தே தீர வேண்டும். நோட்டில் உள்ள ஓவர்வியூவோ, ‘காலப்போக்கில் பலவித மாற்றங்கள் காணப்பட்டன’ என்கிறது. எந்தச் சார்ட்டுக்கும் பொருந்துகிற வாக்கியம் எந்தச் சார்ட்டையும் விவரிப்பதில்லை. ஒரு நாட்டின் மின் உற்பத்தியில் நிலக்கரியின் பங்கு 1980இல் 70 சதவீதம், 2020இல் 25 சதவீதம். எரிவாயு 10இலிருந்து 55. அணுமின்சாரம் இரு ஆண்டிலும் 20 என்று வைத்துக்கொள்வோம். ‘நிலக்கரியின் இடத்தை எரிவாயு பிடித்துக்கொண்டது, அணுமின்சாரத்தின் பங்கு மாறவில்லை’ என்பதுதான் இதன் ஓவர்வியூ. எண்ணே வேண்டாம், அலங்காரமும் வேண்டாம். ஆனால் இந்த வாக்கியத்தை எந்த நோட்டாலும் முன்கூட்டி எழுதித் தர முடியாது, ஏனெனில் படத்தைப் பார்த்தவரால் மட்டுமே இதை எழுத இயலும்.

ஓவர்வியூவை அறிமுக வாக்கியத்துக்கு அடுத்தே எழுதிவிடுங்கள். கடைசிக்குத் தள்ளினால் நேரம் தீர்ந்து அது விடுபடும். நோட்டில் உள்ள ‘டு கன்க்ளூட்’ பத்தி தேவையே இல்லை. மாணவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, படத்தைப் பார்க்கவே தேவையில்லை என்று கற்றுத் தருவதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

20 சதவீதம் 30 ஆனால், 10 சதவீத உயர்வு என்று எழுதலாமா? (பண்ருட்டி)

அது 10 பெர்சன்டேஜ் பாயிண்ட் உயர்வு, அதாவது இரு சதவீதங்களையும் கழித்தால் வரும் வித்தியாசம். விகிதக் கணக்கில் 50 சதவீத உயர்வு. குழப்பமே வேண்டாம் என்றால், ‘20இலிருந்து 30 சதவீதமாக உயர்ந்தது’ என்று இரு முனைகளையும் எழுதிவிடுங்கள். மீண்டும் சொல்கிறேன்: அலகைப் பாருங்கள். பை சார்ட்டில் பங்கு கூடியிருக்கிறது என்பதால் எண்ணிக்கையும் கூடியிருக்க வேண்டும் என்பதில்லை, மொத்தமே சுருங்கியிருக்கலாம்.

மேப் வந்தால் கை நடுங்குகிறது. எப்படிப் பழகுவது? (வில்லியனூர்)

புதுச்சேரியைவிட நல்ல பயிற்சித்தாள் கிடைக்காது. நீள்வட்டமாகச் சுற்றிவரும் புல்வார் சாலை, அதற்குள் நேர்கோட்டுத் தெருக்கள், வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால், அதற்குக் கிழக்கே பிரெஞ்சுக் குடியிருப்பும் கடலும், மேற்கே தமிழர் தெருக்கள் ஆகியவற்றை இடம், வலம், மேலே, கீழே என்ற சொற்களைத் தொடாமல், திசைகளைக் கொண்டே பத்து வரியில் எழுதிப் பாருங்கள். தேர்வில் பெரும்பாலும் ஒரே இடத்தின் இரண்டு காலத்து மேப் வரும். எது இடிக்கப்பட்டது, எது புதிதாக வந்தது, எது அப்படியே இருக்கிறது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

கிராஃப் 2050 வரை போகிறது. எந்தக் காலத்தில் எழுதுவது? (நெய்வேலி)

நடந்து முடிந்த ஆண்டுகளுக்கு இறந்தகாலம். வரப்போகும் ஆண்டுகளுக்கு ‘இஸ் ப்ரொஜெக்டட் டு’, ‘இஸ் எக்ஸ்பெக்டட் டு’. ஆண்டைப் பார்க்காமல் 2050ஐ இறந்தகாலத்தில் எழுதினால் இலக்கணத்தில் மட்டுமல்ல, விவரத்திலும் பிழை.

கனடாவில் நிரந்தர வசிப்புரிமைக்காக (பிஆர்) ஐஇஎல்டிஎஸ்ஸின் மற்றொரு வகையான ஜெனரல் டிரெய்னிங் எழுதப்போகிறேன். ஒரு மாதமாகப் பார் சார்ட் பழகுகிறேன், போதுமா? (சிதம்பரம்)

ஜெனரல் டிரெய்னிங்கில் சார்ட் கிடையாது. முதல் டாஸ்க் கடிதம். பணம் கட்டுமுன் தேர்வின் பெயரையாவது தேர்வு நடத்துவோரின் தளத்தில் படித்திருக்கலாம்.

எந்த டாஸ்க்கை முதலில் எழுதுவது? (அரியாங்குப்பம்)

எதுவானாலும் சரி. முதலாவதுக்கு 20 நிமிடம், இரண்டாவதுக்கு 40. இருபதாவது நிமிடத்தில் பேனாவை நகர்த்தும் மனவுறுதி இல்லாதவர்கள் இரண்டாவதில் தொடங்குவதே பாதுகாப்பு.

செவிலியர் பணிக்கு இங்கிலாந்து செல்ல விரும்புகிறேன். சார்ட்டுக்குப் பயந்து ஓஇடிக்கு (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) மாறலாமா? (பாகூர்)

மாறலாம், அந்நாட்டுச் செவிலியர் மன்றம் இரண்டையும் ஏற்கிறது. ஓஇடியில் சார்ட் இல்லை, நோயாளியின் குறிப்புகளைப் படித்துக் கடிதம் எழுத வேண்டும். ஆனால் அங்கும் பக்கம் நிறையக் குறிப்புகளைத் தந்து, தேவையானதை மட்டும் பொறுக்கி எழுதத்தான் சொல்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ் என்றால் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும்.