தேயிலை விதையும் மண்டபத்து மாணவியும்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ முடித்த தங்கள் மகள், தேயிலை விதைத் திசுவிலிருந்து ஆய்வகத்தில் செடி வளர்ப்பதைத்தான் படிப்பேன் என்று நிற்பதாகவும், தேயிலையே விளையாத மண்டபம் கடற்கரையிலிருந்து போகிறவளுக்கு அதில் என்ன பிழைப்பு என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பிழைப்பைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஊரைப் பற்றிய அச்சம் வேண்டியதில்லை.

தேயிலை அயல் மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது என்பதால், ஒரே செடியின் இரு விதைகள்கூட ஒரே குணமுள்ள செடிகளாவதில்லை. விதையிலையை நறுக்கி, சத்துகள் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் வைத்து, அதன்மேல் கருவைப் போன்ற சிறு உருக்கள் தோன்றிச் செடியானாலும், அச்செடி அந்த விதையின் நகலே தவிர, தோட்டக்காரர் விரும்பிய தாய்ச்செடியின் நகல் அன்று. ஆகவே தோட்டங்கள் ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட தண்டுத் துண்டுகளை நாற்றங்காலில் வேர்விடச் செய்தே பெரும்பாலும் நடுகின்றன. விதைத்திசு வளர்ப்பு பெரிதும் பயிர் மேம்பாட்டு ஆய்வுக்கு உரியது. முனைவர் பட்டம் வரை செல்லும் நீண்ட பாதை அது. வால்பாறை, இமாச்சலத்தின் பாலம்பூர், 1911-இல் தொடங்கிய அசாமின் டோக்லாய் எனத் தேயிலை ஆய்வு நிலையங்களும் சிலவே.

சம்பளம் விரைவில் தேவையென்றால் வாழைத் திசு வளர்ப்புக் கூடங்களையும் மகள் மனத்தில் வைக்கட்டும். அடிப்படைக் கைவேலை இரண்டுக்கும் ஒன்றுதான்: ஊடகத்தை 121 டிகிரி செல்சியசில் ஆட்டோகிளேவ் செய்வதும் (அழுத்த நீராவியால் கிருமி நீக்குவதும்), வடிகட்டிய காற்று வீசும் லேமினார் மேடைமுன் மணிக்கணக்காக அமர்ந்து கிருமி புகாமல் துண்டு மாற்றுவதும். தேயிலையில் கூடுதல் தொல்லையாக, நறுக்கிய துண்டைச் சுற்றி ஊடகம் டிகாஷன் நிறத்தில் கறுக்கும். கவனியாவிட்டால் துண்டும் சாகும். பொறுமை இல்லாதவர்களை நான் இத்துறைக்கு அனுப்புவதில்லை.

அந்த ஊடகத்தை உறையவைக்கும் அகார், தங்கள் மனைவியார் கடலில் இறங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கிடைப்பதுதான் என்பதை மகளிடம் சொல்லுங்கள். மண்டபத்திலேயே மத்திய அரசின் கடற்பாசி ஆய்வு நிலையம் இருக்கும்போது, திசு வளர்ப்பைக் கற்றவள் மலையேறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

இப்போதைக்குத் தாவரவியலிலோ உயிரித்தொழில்நுட்பத்திலோ இளநிலைப் பட்டம் போதும். பயிரை முதுநிலையில் தேர்ந்துகொள்ளலாம். கல்லூரியில் பணம் கட்டுமுன் ஆய்வகத்தை நேரில் பார்த்து, ஊடகத்தை மாணவர்களே தயாரிக்கிறார்களா என்று கேளுங்கள். லேமினார் மேடையின் உறைமேல் தூசி படிந்திருந்தால், அடுத்த கல்லூரிக்குப் பேருந்து ஏறிவிடுங்கள்.